செவிலிக்குக் கற்பித்தவர்: கிஜுபாய் பதேகாவின் ‘பகல் கனவு’ பற்றிய ஓர் ஆய்வு

ஆசிரியர் இலக்கணமும் மாணாக்கர் இலக்கணமும் தமிழில் நன்கு வகுத்துரைக்கப்பட்டுள்ளன. நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியனை நிலத்தோடும் மலையோடும் துலாக்கோலோடும் மலரோடும் ஒப்பிடுகிறது. ஆசிரியனாதற்குத் தகாதவனுக்குக் கழற்காய் பெய்த குடத்தையும், மடற்பனையையும், பருத்திக் குண்டிகையையும், முடத்தெங்கையும் உவமை கூறுகிறது. மாணாக்கரை அன்னம் முதல் நெய்யரி ஈறாகத் தரம் பிரிக்கிறது. இவ்விருவரையன்றி மூன்றாமவர் ஒருவர் உளர். அவர் ஆசிரியரை ஆக்குபவர். அவர்க்கு நம் பாயிரங்களில் இலக்கணம் இல்லை.

இதனைக் குறையென்று கூறுதல் பொருந்தாது. பண்டை நாளில் பாடம் கேட்டவனே பின்னர்ப் பாடம் சொன்னான். கேட்ட முறையே சொல்லும் முறையுமாயிற்று. இறையனார் களவியலுக்கு நக்கீரனார் கண்ட உரை பதின்மர் வழியாக முசிறி ஆசிரியர் நீலகண்டனாரை வந்தடைந்த வரலாற்றை அவ்வுரையே கூறுகிறது. அவ்வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் முன்னவரிடம் நூலைக் கற்றதோடு கற்பிக்கும் வகையையும் உடன் கற்றனர். ஆதலின் ஆசிரியர்க்குப் பயிற்சி தருவோர் எனத் தனியே ஒரு வகுப்பார் வேண்டப்படவில்லை.

ஆயின் ஐந்தாறு அகவைக்கு உட்பட்ட குழவியர் நிலை யாது? அவர்க்குப் பாயிரம் கூறும் ஆசிரியனும் இல்லை. அவர் இருந்த இடம் செவிலியின் கை. சங்க அகப்பாடல்களில் செவிலி பாலூட்டுகிறாள், கதை கூறுகிறாள், பந்தாடும் மகளைப் பார்த்து நிற்கிறாள். உடன்போக்கு நிகழ்ந்தபின் வெறிச்சோடிய மனையில் அம்மகளின் விளையாட்டுப் பொருள்களைக் கண்டு கலங்குகிறாள். அவளுடைய அறிவு எங்கிருந்து வந்தது என ஒரு புலவரும் வினவவில்லை. தோழி என்பாள் செவிலியின் மகள் எனத் தொல்காப்பியம் வரையறுப்பதை இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும். வளர்க்கும் தொழில் தாயிடமிருந்து மகளுக்குப் பிறப்புரிமையாய்ச் சென்றது என்பதே அவ்வரையறையால் நாம் உய்த்துணர்வது. பிள்ளைத்தமிழ்ப் புலவர் செங்கீரை, சப்பாணி, வாரானை, சிற்றில் என்று குழந்தையின் வளர்ச்சிப் படிகளை நுணுக்கமாகக் கண்டு பருவம் வகுத்தனர். கண்டது குழந்தையை மட்டுமே. கண்டுகொள்ளக் கற்பிப்பது எவ்வாறு என்பது அவர் பொருளன்று.

பிறப்பால் வந்த இத்தொழில் அயலார்க்குக் கற்பிக்கத்தக்க தொழிலாக மாறியது அண்மைக் காலத்தில்தான். அம்மாற்றத்தோடு ஒரு புதிய நூல்வகையும் தோன்றியது. அதனைப் பயிற்றுநூல் என்போம். இவ்வகையில் பேசுவோர் பயிற்றுநர், கேட்போர் ஆசிரியர், பேசப்படும் பொருள் குழந்தை. குழந்தை அந்நூலைப் படிப்பதில்லை. கேட்பவர் மற்றொருவரிடம் சென்று செய்தாலன்றி நூல் நிறைவெய்துவதில்லை. இவ்விருபடி அமைப்பே அதனைப் பிற அறிவுரை நூல்களினின்று வேறுபடுத்துகிறது. இவ்வகை நூல்களை இலக்கியத் திறனாய்வாளர் தீண்டுவதில்லை. கல்வித்துறையார்க்கு உரியவை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்குவதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. இவற்றுட் பெரும்பாலன ‘வேண்டும்’ என்னும் ஒரே வினைமுற்றால் ஆனவை. பொறுமை வேண்டும், அன்பு வேண்டும், தூய்மை வேண்டும் என்று அடுக்குகின்றன. அன்பு இல்லாதவர்க்கு அன்பு வேண்டும் என்று எழுதுவதால் அன்பு பிறக்குமா என அந்நூலார் வினவிக்கொள்வதில்லை.

இப்பெரும்பான்மைக்கு விலக்காக நிற்கும் ஒரு நூலை இங்கு ஆராய விரும்புகிறோம். அது குசராத்தி மொழியில் கிஜுபாய் பதேகா 1930களின் தொடக்கத்தில் எழுதிய ‘திவாஸ்வப்ன’ என்பது. தமிழிலும் ‘பகல் கனவு’ என்னும் பெயரால் வழங்குகிறது. மொழிபெயர்ப்பின் வழியே ஒரு நூலை அணுகுவோர் அதன் நடையழகைப் பற்றித் தீர்ப்புரைத்தல் தகாது. கதையமைப்பைப் பற்றியும் கூற்று முறையைப் பற்றியும் பேசலாம். அவ்வளவில் அமைவோம்.

நூலாசிரியர் வரலாற்றில் நமக்கு வேண்டுவது சிறிதே. 1885இல் சௌராட்டிரத்தில் பிறந்தவர். வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். 1913இல் தமக்கு மகன் பிறந்தபின் அவனை எவ்வாறு கற்பிப்பது என்னும் கவலையால் கல்வியின்பால் திரும்பினார். மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையைப் பற்றிய நூல்களைப் பயின்றார். பாவ்நகரில் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தின் சார்பில் 1920இல் பாலமந்திர் என்னும் மழலையர் பள்ளியைத் தொடங்கினார். 1925இல் அதனை அடுத்து ஆசிரியர் பயிற்சிக்கென அத்யாபன மந்திர் தோன்றியது. குழந்தைகட்கும் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் என அவர் எழுதிய சிறிதும் பெரிதுமான நூல்கள் மிகப் பல. மக்கள் அவரை ‘மீசை வைத்த தாய்’ என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர் என்பர். செவிலியைப் பற்றி மேலே கூறியதை நினைவிற் கொண்டால் இப்பட்டப்பெயர் வேடிக்கை மட்டுமன்று என்பது புலனாகும். தாய்வழி வந்த தொழிலை அயலான் ஒருவன் கற்றுக்கொண்டதை ஊரார் அப்பெயரால் ஒப்புக்கொண்டனர்.

இனி நூலுக்கு வருவோம். நூல் தன்மைக் கூற்றில் அமைந்தது. கல்வியைப் பற்றிப் படித்தும் எண்ணியும் தெளிந்ததாகக் கருதும் ஒருவன் கல்வி அதிகாரியிடம் செல்கிறான். தன் கருத்துகளைச் செய்து பார்க்க ஓராண்டுக்கு ஒரு வகுப்பைத் தருமாறு வேண்டுகிறான். தொடக்கப்பள்ளியின் நான்காம் வகுப்பு தரப்படுகிறது. ஆண்டிறுதித் தேர்வு உண்டு என்பதை அதிகாரி மறவாமல் நினைவூட்டுகிறார். முயற்சியின் தொடக்கம், முன்னேற்றம், அரையாண்டு முடிவு, இறுதிக் கூட்டம் என நூல் நான்கு பகுதிகளாகச் செல்கிறது.

முதல் நாள் நிகழ்ச்சியே நூலின் உயிர் என்பது நம் கருத்து. ஆசிரியன் வகுப்பினுள் நுழைகிறான். அமைதி விளையாட்டினால் தொடங்குவதென முன்னரே முடிவு செய்து வந்திருக்கிறான். கதவும் சன்னலும் மூடப்படுகின்றன. சிறுவரைப் பேசாதிருந்து கேட்குமாறு கூறுகிறான். சிறுவரோ சிரிக்கின்றனர், கூச்சலிடுகின்றனர், ஒருவர் ஒலியை மற்றவர் பின்பற்றி ஆரவாரிக்கின்றனர். விளையாட்டு முறிகிறது. வேறு வழியறியாத ஆசிரியன் அன்று விடுமுறை கொடுத்து அவர்களை அனுப்பிவிடுகிறான். தலைமையாசிரியர் சினங்கொள்கிறார். எழுதிவைத்த திட்டம் வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று சொல்லத்தக்க நிலை.

இவ்வமைதி விளையாட்டு எங்கிருந்து வந்தது என அறிந்தாலன்றி இப்பகுதியின் ஆழம் விளங்காது. இது மாண்டிசோரி முறைக்கே சிறப்பாக உரியது. உரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஏழை மக்கள் குடியிருப்பில் 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் அம்மையாரின் முதற் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. ஒருநாள் அவர் நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றை எடுத்துக்கொண்டு வகுப்பினுள் வந்தார். அக்குழந்தை எவ்வளவு அசைவின்றி, எவ்வளவு மெல்ல மூச்சுவிட்டு அமைதியாக இருக்கிறது என்று பிள்ளைகட்குக் காட்டினார். அவர்கள் வியந்து தாமும் அவ்வாறே இருக்க முயன்றனர். அறை முழுதும் அமைதி சூழ்ந்தது. பின்னர்த் தொலைவில் நின்று ஒவ்வொருவர் பெயரையும் மெல்லிய குரலில் அழைக்க, அழைக்கப்பட்டவர் ஓசையின்றி எழுந்து வருதல் என இவ்விளையாட்டு வளர்ந்தது. அம்மையார் நூல்களில் இது வெற்றிக் கதையாகவே கூறப்படுகிறது.

இதே விளையாட்டைத்தான் பதேகாவின் கதைத்தலைவன் தோற்றுப்போகக் கையாளுகிறான். இது தற்செயல் அன்று. பாலமந்திரை ஆண்டுக்கணக்கில் நடத்தியவர் அவ்விளையாட்டு வெற்றிபெறும் வகையை அறியாதவர் அல்லர். அறிந்தே தம் தலைவனைத் தோற்கச் செய்கிறார். உரோமில் கைக்குழந்தை ஒன்று கண்முன் இருந்தது. பிள்ளைகள் பின்பற்றுவதற்கு ஓர் உயிருள்ள பொருள் இருந்தது. இங்கோ மூடிய கதவும் ஓர் அறிவிப்பும் மட்டுமே இருந்தன. அங்கே அச்சமின்றி வளர்ந்த சிறு குழவியர். இங்கே பிரம்புக்கு அஞ்சி வாய்மூடிப் பழகியவர். பிரம்பு இல்லையென்று கண்டவுடன் வாய் திறந்தவர். முறையின் பெயர் ஒன்று; முறை நிகழும் இடம் வேறு. தலைவன் நூலைப் படித்திருந்தான், வகுப்பைப் படிக்கவில்லை. இக்கருத்தை நூலாசிரியர் எங்கும் கருத்தாகக் கூறவில்லை. கூச்சலைக் கேட்கச் செய்கிறார், நாம் உணர்ந்துகொள்கிறோம். ‘வேண்டும்’ என்னும் சொல் நூறு முறை வந்திருந்தாலும் இது விளங்கியிராது.

மறுநாள் தலைவன் கதை சொல்லத் தொடங்குகிறான். முதல்நாள் அடங்காத வகுப்பு அடங்குகிறது. விளையாட்டால் வாராத அமைதி கதையால் வந்தது என்று படிப்போர் மகிழ்வர். பயிற்றுநூல் என்னும் நோக்கிற் பார்த்தால் இதனினும் நுண்ணியது ஒன்று உண்டு. தலைவன் அமைதியைத் தேடாதபோதே அமைதி கிட்டியது. அவன் அவர்களுக்கு வேண்டியதைத் தேடினான். பதேகா கதை சொல்லும் கலையைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதியவர். நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டித் தம் மொழிக் குழந்தைகட்குத் தந்தவர். அந்நூலில் முறையாக விரித்தவற்றைக் காட்டிலும் இவ்விரண்டாம் நாட்காட்சி பயில்வோர் நெஞ்சில் ஆழமாகப் பதியும் என்று துணிந்து கூறலாம்.

தொடர்ந்து வருவன பாடநூலுக்கு மாற்றாக வகுப்பு நூலகம், நகமும் தலைமயிரும் உடையும் பற்றிய தூய்மை, விளையாட்டு, நாடகம் முதலியன. இவற்றைத் தனித்தனியே விரிப்பது தேவையில்லை. உடன் பணிபுரியும் ஆசிரியர் எள்ளுகின்றனர். பெற்றோர் ஐயுறுகின்றனர். அதிகாரி ஒருவரே பொறுமையோடு வந்து வந்து பார்க்கிறார். இவ்வதிகாரிப் பாத்திரம் திறம்பட அமைந்துள்ளது. படிப்பவர் மனத்தில் எழும் தடைகளை அவர் வாயிலாகவும் ஆசிரியர் வாயிலாகவும் நூலாசிரியர் எழுப்பி விடுகிறார். நம் உரையாசிரியர் தாமே தடை எழுப்பித் தாமே விடை கூறும் முறை இதனோடு ஒப்பு நோக்கற்குரியது. களவியலுரையில் அதனைப் பக்கந்தோறும் காணலாம்.

இவ்வளவும் பாராட்டு. இனி நூலின் குறை ஒன்றைக் கூறவேண்டும். அது சிறு குறை அன்று.

முதற்பகுதியில் உள்ள தோல்வியின் ஆழம் பின்னர் வருவதில்லை. இடையூறுகள் உண்டு; ஆயினும் ஒவ்வொன்றும் தலைவனுடைய ஒரு புதிய எண்ணத்தால் நீங்கிவிடுகிறது. இறுதிக் கூட்டத்தை அடையும்போது கதை கனவின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ‘பகல் கனவு’ எனப் பெயரிட்டமையால் இக்குறையைப் பொறுக்கலாம் என்பர். பெயர் வைத்தவுடன் பொறுப்பு நீங்காது. நாம் கருதும் பெருங்குறை இதனோடு தொடர்புடையது. ஆசிரியர்க்குப் பயிற்சி தருவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் எழுதிய இந்நூலில் பயிற்சி பெறும் ஆசிரியர் ஒருவரும் இல்லை. தலைவன் தானே கற்றுக்கொண்டவன். மற்ற ஆசிரியர் அவனைப் பார்க்கின்றனர், நகைக்கின்றனர், வியக்கின்றனர். அவருள் ஒருவர் ஒருநாள் தடுமாறி, மறுநாள் ஒருபடி ஏறி, மீண்டும் வழுக்கி, மெல்ல மாறும் வகை படிப்படியாகக் காட்டப்படவில்லை. 1925 முதல் அத்யாபன மந்திரில் நாள்தோறும் கண்ணுற்ற காட்சியை நூலாசிரியர் ஏன் கதையாக்கவில்லை? படிப்பவரே பயிற்சி பெறும் ஆசிரியர். ஆதலின் கதையினுள் மற்றொருவர் வேண்டியதில்லை என்று ஒரு விடை கூறலாம். இவ்விடை பாதியே பொருந்தும். படிப்பவர் தம்மைத் தலைவனாகவே எண்ணிக்கொள்வர். எள்ளி நகைக்கும் ஆசிரியராக எண்ணிக்கொள்ளார். உண்மையில் நம்மிற் பெரும்பாலோர் அவ்விரண்டாம் வகையினர்.

பயிற்றுநர், ஆசிரியர், குழந்தை ஆகிய மூவரும் ஒருங்கே நிற்கும் காட்சி எங்குளது எனத் தேடினால் மாண்டிசோரி அம்மையாரிடமே மீள வேண்டியுள்ளது. சான் லொரென்சோவின் முதல் ஆசிரியை முறையான பயிற்சி பெறாத ஓர் இளம்பெண். கற்பிக்கும் பொருள்கள் நிலைப்பேழை ஒன்றில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும்; ஆசிரியை எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் அவர் பூட்ட மறந்தார். மறுநாள் காலந்தாழ்ந்து வந்தார். பிள்ளைகள் தாமே பேழையைத் திறந்து தமக்கு வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு வேலையில் ஆழ்ந்திருந்தனர். ஆசிரியை அதனைத் திருட்டெனக் கண்டார். அம்மையாரோ, பிள்ளைகள் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர் என்று கண்டார். அதன்பின் உயர்ந்த பேழை போய்க் குழந்தையின் கைக்கெட்டும் தாழ்ந்த பேழை வந்தது. ஒரே நிகழ்ச்சி; இரு கண்கள். ஆசிரியையின் மறதி இல்லையேல் பயிற்றுநரின் அறிவும் இல்லை. அமைதி விளையாட்டைக் கூறுமிடத்துப் பதேகாவே உயர்ந்தவர் என்றோம். இவ்விடத்து அம்மையார் உயர்கிறார்.

இங்கே தமிழ்நாட்டுத் தொடர்பு ஒன்றையும் குறித்தல் வேண்டும். பதேகா 1939 சூன் திங்களில் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் அங்கு நடந்த பயிற்சியில் இந்தியாவின் பல பகுதிகளினின்றும் ஏறத்தாழ 300 பேர் கலந்துகொண்டனர். 1940இல் இத்தாலி போரில் இறங்கவே அவர் பகைநாட்டவராகக் கருதப்பட்டார். மகன் மாரியோ சிறைக்காவலில் வைக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார். போர்க்காலத்தின் ஒரு பகுதியை இருவரும் கோடைக்கானலில் கழித்தனர். அக்காலத்தும் அதன் பின்னரும் இந்திய நகரங்களிலும் இலங்கையிலும் பயிற்சிகள் நடந்தன. அகமதாபாத்துச் சொற்பொழிவுகளின் அடிப்படையில் எழுந்த ‘உறிஞ்சும் மனம்’ எனப் பொருள்படும் நூல் 1949இல் அடையாற்றிலிருந்து வெளிவந்தது. மழலையர் கல்வியைப் பற்றி உலகெங்கும் கற்கப்படும் ஒரு நூலின் முதற்பதிப்பு நம் தலைநகரில் அச்சேறியது என்பது இளைய ஆய்வாளர் பலர் அறியாதது.

அப்பயிற்சிகளில் அம்மையார் இத்தாலிய மொழியிற் பேசினார். மாரியோ உடனுக்குடன் ஆங்கிலத்திற் பெயர்த்தார். கேட்டோர் குறிப்பெடுத்தனர். பின் அவரவர் ஊர் சென்று தமிழிலும் குசராத்தியிலும் மராத்தியிலும் பிற மொழிகளிலும் குழந்தைகளோடு பேசினர். ஒரு சொல் குழந்தையின் செவியை அடையுமுன் மூன்று மொழிகளைக் கடந்தது. 1949ஆம் ஆண்டு நூலைப் படிப்போர் அதில் கூறியது கூறலையும் திடீர்த் திருப்பங்களையும் காண்பர். நூலுக்குக் கூறும் பத்துக் குற்றங்களுள் கூறியது கூறலும் ஒன்று என்று நாம் உடனே குற்றப்பட்டியலை எடுத்துவிடக் கூடாது. அவை பேச்சின் அடையாளங்கள். இடையே மொழிபெயர்ப்பாளர் மூச்சுவிட்ட இடங்கள். அம்மையார் பின்னர் இத்தாலிய மொழியில் இந்நூலைத் திருத்தியெழுதினார். திருத்திய வடிவின் மொழிபெயர்ப்பே இன்று பெரிதும் வழங்குகிறது. அது சீரியது. எனினும் அடையாற்றுப் பதிப்பில் கேட்போர் இருக்கின்றனர். திருத்திய பதிப்பில் படிப்போரே உளர். பயிற்றுநூல் என்னும் வகையை ஆராய்வோர் இரண்டையும் அருகருகே வைத்து வேறுபாடு காணுதல் பயனுடைய பணியாகும்.

இவ்வாராய்ச்சி பழம்பொருள் ஆராய்ச்சி அன்று. பாவ்நகரில் பதேகாவோடு பணியாற்றிய தாராபாய் மோடக் அம்மையார் பின்னர் மராட்டியப் பகுதியின் கோஸ்பாடு என்னும் சிற்றூரில் அனுதாய் வாக் அம்மையாரோடு சேர்ந்து பழங்குடிக் குழந்தைகட்கென உழைத்தார். பள்ளிக்குக் குழந்தைகள் வாரா என்று கண்டு, பள்ளியைக் குடிசை முற்றத்துக்குக் கொண்டு சென்றனர். முற்றம் என்னும் பொருளுடைய அச்சொல்லே இன்று அங்கன்வாடி என வழங்குகிறது. (அங்கணம் என்னும் சொல்லைத் திருவள்ளுவர் தூய்மையற்ற முற்றம் என்னும் பொருளிற் கையாண்டிருப்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். சொற்கள் பெறும் ஏற்றமும் இறக்கமும் வியப்புக்குரியன.) ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 இலட்சம் மையங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் மட்டும் 50,000க்கு மேல். ஒவ்வொன்றிலும் ஒரு செவிலி. அவர் உணவளிக்கிறார், எடை பார்க்கிறார், பதிவேடு எழுதுகிறார், இவற்றோடு மூன்று முதல் ஆறு அகவைக் குழந்தைகட்குக் கற்பிக்கவும் வேண்டும். அவரைப் பயிற்றுவோர் மற்றொரு படியினர். அப்பயிற்றுநரைப் பயிற்றுவோர் அதற்கும் மேற்படியினர். ஒவ்வொரு படிக்கும் சில நாள்களே கிடைக்கின்றன. களவியலுரையும் பதின்மர் வழி வந்ததே. ஆனால் அப்பதின்மரும் ஆண்டுக்கணக்கில் உடனிருந்து கேட்டவர்.

சில ஆண்டுகட்கு முன் இத்தகைய பயிற்றுநர் கூடிய முகாம் ஒன்றில் குழந்தைப் பாடல்களைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டோம். நமக்கு முன்னர்ப் பேசியவர், குழந்தைகளை வரிசையாக அமர்த்திச் சொல்வதெழுதச் செய்தல் ஆகாது என்னும் கருத்தைச் சொல்வதெழுதுதலாகத் தந்துகொண்டிருந்தார். ஏறத்தாழ எண்பது பெண்டிர் வரிசையாக அமர்ந்து அதனை எழுதிக்கொண்டிருந்தனர். நாமும் அதனினும் சிறப்பாக ஒன்றும் செய்தோமில்லை. சந்தத்தைப் பற்றி ஒரு மணி நேரம் உரையாற்றினோம். ஒரு பாடலும் பாடப்படவில்லை. இறுதியில் அகவை முதிர்ந்த பயிற்றுநர் ஒருவர் எழுந்து, “முதல் நாள் அம்மாவை விட்டு வந்து அழுகிற பிள்ளைக்கு இதிலே எந்தப் பாட்டைப் பாடுறதுங்க ஐயா?” என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. நீங்கள் என்ன செய்வீர்கள் என்று வினவினோம். அவர் பேசவில்லை. தரையில் அமர்ந்தார். அழும் குழந்தையாக நடிக்குமாறு அருகிருந்த பெண்ணொருவரைக் குறிப்பாற் பணித்தார். இரண்டு தம்ளர்களும் ஒரு கை புளியங்கொட்டையும் வரவழைத்து, ஒரு தம்ளரையும் பாதிக் கொட்டைகளையும் அப்பெண்ணின் அருகில் வைத்தார். பின் அவரைப் பாராமலே தம் தம்ளரில் ஒவ்வொரு கொட்டையாகப் போட்டு அவ்வோசையைக் கேட்கத் தொடங்கினார். சிறிது நேரம் சென்றது. நடித்துக்கொண்டிருந்த பெண் அழுகையை மறந்து ஒரு கொட்டையை எடுத்துத் தம் தம்ளரில் இட்டார். கூடம் சிரித்தது. பின் அமைதியாயிற்று. இதனை எங்குக் கற்றீர்கள் என்று கேட்டோம். தாம் முதன்முதல் பணியாற்றிய மையத்தில் சமையல் உதவிக்கு இருந்த அம்மையார் செய்யக் கண்டதாகக் கூறினார்.

பதேகாவின் முதற்பகுதியில் கதவை மூடிக்கொண்டு தோற்ற தலைவனுக்குத் தெரியாமற்போனது இதுதான். அழுகையை நிறுத்த முயலாமல் அதன் அருகில் வேறொன்றை நிகழவிட்டு ஒதுங்கி நிற்றல். குழந்தையைப் பார்த்துக்கொண்டே பாராததுபோல் இருத்தல். இதற்கு நம் இலக்கணத்தில் பெயர் இல்லை. சில திங்கள் கழித்து அம்முகாமின் அறிக்கை நமக்கு அனுப்பப்பட்டது. நம் உரை இரண்டு பக்கங்கள் வந்திருந்தது. அவ்வம்மையார் செய்து காட்டியது ஒரு தொடராகச் சுருங்கியிருந்தது: அழும் குழந்தைகளின் கவனத்தைத் திசைதிருப்ப வேண்டும். புளியங்கொட்டையும் இல்லை, தம்ளரும் இல்லை, பாராதிருத்தல் இல்லவே இல்லை. ‘வேண்டும்’ மட்டும் இருந்தது. அறிக்கை எழுதியவரைக் குறை கூறுதல் எளிது. அவர் கைக்கொண்ட உரைநடை வகைக்கு அதற்குமேல் ஏந்தும் வலிமை இல்லை என்பதே உண்மை. பதேகா கதையை நாடியதன் காரணம் இங்கே தெளிவாகிறது. செய்கையால் அறியப்படுவதைக் கட்டளையால் எழுத முடியாது என்று அவர் கண்டார்.

ஆதலின் ‘பகல் கனவை’ மழலையர் கல்வி பற்றிய கருத்துக் களஞ்சியமாகக் கொண்டு அதிலிருந்து கொள்கைகளைப் பெயர்த்தெடுத்துப் பட்டியலிடும் வழக்கம் அந்நூலுக்குச் செய்யும் தீங்காகும். கூச்சலை நீக்கிவிட்டுக் கொள்கையை மட்டும் எடுத்தால் எஞ்சுவது முகாம் அறிக்கை. நூலை முழுதுமாக, குறிப்பாக முதற்பகுதியைப் பயிற்சி பெறுவோர் உரக்கப் படித்து, அடுத்து என்ன செய்திருக்கலாம் என்று அந்நிலையிலேயே நிறுத்தி உரையாட வேண்டும். பிற்பகுதியின் வெற்றிகளை ஐயத்தோடு படிக்க வேண்டும்.

(நாமும் ‘வேண்டும்’ என்றே எழுதுகிறோம். அவ்வினைமுற்றினின்று தப்புதல் எளிதன்று.)

முதுகலை மாணவர்க்கு ஒரு பணி காத்திருக்கிறது. 1939 தொடங்கி அடையாற்றிலும் கோடைக்கானலிலும் நிகழ்ந்த பயிற்சிகளில் கலந்துகொண்டோர் எடுத்த கைக்குறிப்புகள் தமிழ்நாட்டு இல்லங்களில் எஞ்சியிருத்தல் கூடும். ஓலைச்சுவடிகளைத் தேடிய நம் முன்னோர் ஊர்தோறும் நடந்தனர். இக்குறிப்பேடுகளும் பரணிலும் பெட்டியிலும் கிடந்து அழியும் நிலையில் உள்ளவையே. அவற்றை எடுத்தால், ஆங்கிலத்திற் கேட்டதை எழுதிய பக்கங்களைவிட ஓரங்களில் தமிழில் எழுதியிருப்பனவற்றை முதலிற் படிக்க வேண்டும். தம் வகுப்புக்குத் திரும்பிச் சென்று அமைதி விளையாட்டைச் செய்து பார்த்தவர் அங்கே என்ன நிகழ்ந்ததென்று எழுதிவைத்திருப்பாராயின் அது அங்கேதான் இருக்கும்.